வள்ளிமயில் ரோப் கார் ஏறுன கதை

ஒரு ஊர்ல ஒரு வள்ளிமயில் இருந்தா. மயில் இல்லடா முகிலு, பொம்பள. பேரு அப்படி. ஒழுங்கா 'ம்' சொல்லு, இல்லன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அவளுக்கு ஒரு கால் சரியா ஊனாது. ஊருக்கு வடக்க பெரிய மலை, மேல முருகன் கோயில், ஏகப்பட்ட படி. வருஷா வருஷம் வீட்ல எல்லாரும் மேல போவாங்க. இவகிட்ட மட்டும், "நீ கீழ உக்காந்து செருப்பைப் பாத்துக்கோ"ன்னுடுவாங்க. கடுப்பா இருக்காதா? அவளுக்கும் இருந்துச்சு.

அப்புறம் அந்த மலைக்கு ரோப் கார் வந்துச்சு. கம்பியில தொங்கிட்டு விர்ர்ருன்னு மேல போற பெட்டி. ஊரே போய்ட்டு வந்துருச்சு. இவ மட்டும் போகல. ஏன்னா இவ புருஷன் மாசிலாமணி பஞ்சாங்கம் பாக்காம பல்லுகூட விளக்க மாட்டாரு.

வள்ளிமயில் சொன்னா, "என்னங்க, வியாழக்கிழமை ஆடி பொறக்குது. ஆடி முச்சூடும் ரோப் காரை நிறுத்தி கம்பி மாத்துவாங்களாம். அதுக்குள்ள போயிடணும்."

"திங்கக்கிழமை போறோம். நான் பிளான் போட்டுட்டேன்"னாரு.

திங்கக்கிழமை காலையில ராகு காலம். அது முடியட்டும்னு உக்காந்தாரு. முடிஞ்சுது. அப்புறம் பூனை ஒண்ணு குறுக்க போச்சு. மறுபடியும் உக்காந்து தண்ணி குடிச்சாரு. அப்புறம் பஸ்ஸு. தடதட, தடதட. போய்ச் சேந்தா வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. நகந்து நகந்து கம்பிக்கதவுகிட்ட போனாங்க. அப்போ, டொக்! கதவைச் சாத்திட்டாங்க.

"காத்து ஜாஸ்தியா இருக்குக்கா. இன்னைக்கு இனிமே ஓடாது"ன்னான் அங்க இருந்தவன்.

ம்?

ஆமா, திரும்பி வந்துட்டாங்க. செவ்வாக்கிழமை போலாம்னா, செவ்வாயும் புதனும் வடக்க சூலம். அந்தப் பக்கம் கிளம்பக் கூடாதாம். மாசிலாமணி விடுவாரா? "பரஸ்தானம் வச்சிடறேன்"னாரு. அப்படின்னா, நல்ல நேரம் இருக்கும்போதே பையை மட்டும் கொண்டுபோய் வேற வீட்ல வச்சிடறது. பை கிளம்பிட்டா நாமளும் கிளம்பிட்ட மாதிரியாம். சாமியை ஏமாத்தறாங்களாம்.

அன்னைக்கு வாங்கின டிக்கெட்டு, பஸ் காசு, புளிச்சோறு எல்லாத்தையும் பையில போட்டு, திங்கக்கிழமை சாயங்காலமே எதுத்தவீட்டு ஜெகதா கிட்ட குடுத்தாரு. விடிஞ்சு போய்ப் பாத்தா, கதவுல இம்மாம் பெரிய பூட்டு! டம் டம்னு தட்டுறாரு. யாரு வருவா? ஜெகதா பொழுது சாஞ்சுதான் பையோட வந்தா.

"எங்கம்மா போன?"

"ரோப் காருக்குத்தாண்ணே! ஜம்முன்னு இருந்துச்சு. உங்க புளிச்சோறு கெட்டுப்போகுமேன்னு அதையும் எடுத்துட்டுப் போனேன். உப்புதான் கொஞ்சம் கம்மி."

சிரிக்காதடா. வள்ளிமயில் சிரிக்கல. அழுதுட்டா.

அப்புறம் புதன்கிழமை. அன்னைக்கு விட்டா ஆடிதான். இருட்டு பிரியறதுக்குள்ள அவ எழுந்து, சீலையைக் கட்டி, கம்பை ஊனிக்கிட்டு வாசல் தாண்டிட்டா. டக், டக், டக்.

"ஏய் வள்ளி! சூலம்டி!"

"இருந்துட்டுப் போகுது. நீங்க வரீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"

"பரிகாரத்துக்கு ஒரு வாய் பாலாவது குடிச்சுட்டுப் போயேன்!"

வாங்கி மடக்மடக்னு குடிச்சா. டம்ளரை அவரு கையில திணிச்சா. நடந்தா. அவரு டம்ளரோடயே பின்னாடி ஓடியாந்தாரு.

மொத பஸ்ஸு. வரிசையில பத்து பேருகூட இல்ல. பெட்டிக்குள்ள ஏறினாங்க. கடக்! ஒரு குலுக்கு. பெட்டி தரையை விட்டுச்சு. மாசிலாமணி "முருகா முருகா"ன்னு கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு. வள்ளிமயிலுக்கும் பயம்தான். ஆனா கண்ணை மூடல. படி கீழ போகுது, குரங்கு கீழ போகுது, தென்னமரம் எல்லாம் கீழ போகுது.

ம்...

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மேல இறங்கினதும் அவரு சாமி பாக்கற வரிசையில போய் நின்னாரு. இவ பின்னாடியே வராள்னு நெனச்சுக்கிட்டாரு. இவ கம்பிவேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவதான். ஏரி தெரியுது. ரயிலு புழு மாதிரி ஊர்ந்து போகுது. சில்லுன்னு காத்து. அவரு கும்பிட்டுட்டு வந்து, "வா, கூட்டம் சேருது"ன்னு கூட்டிட்டு இறங்கிட்டாரு.

கீழ வந்து விபூதி பூசிவிட்டாரு. "சாமிகிட்ட என்ன புள்ள கேட்ட?"

"சாமியா?" வாயைப் பொத்திக்கிட்டா. "ஐயோ, நான் உள்ளயே போகலங்க!"

அவரு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆளைக் காணோம். அவ மறுபடியும் டிக்கெட் வரிசையில நிக்கிறா.

"அக்கா, இப்பத்தானே இறங்கினீங்க?"ன்னான் டிக்கெட்காரன்.

"அது நான் பாக்கப் போனது தம்பி. இப்போதான் சாமி கும்பிடப் போறேன். ரெண்டு குடு."

அவ்ளோதான். பெட்டி மேல போயிருச்சு, கதை கீழ இறங்கிருச்சு. கண்ணை மூடுடா, எனக்கும் தூக்கம் வருது.