நூலளவு

குரு வயதில் சின்னவள். சீடர்தான் பெரியவர்.

குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற தெருவில் எமல்டாவின் தொப்பிக் கடை இருக்கிறது. எதிரே என் கம்பளி நூல் கடை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கை சுத்தம், பேச்சு கொஞ்சம் கம்மி. தெருவே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆட்டு ரோமத்தை அமுக்கிக் கெட்டியாக்கிய ஃபெல்ட் துணியில் தொப்பி செய்வாள், பழையதைச் சரிசெய்வாள். சீசனில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தை மாதம் ஒருநாள் வந்து, "எனக்குத் தொழில் கத்துக் கொடுங்க மாஸ்டர்" என்று நின்றார்.

"இந்த வயசுல எதுக்குங்க ஐயா?"

"வீட்டுல உக்கார முடியல."

அவள் முடியாது என்றாள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள் ஒரு பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சம்மதம் சொல்லத் தெரியாது, இப்படித்தான்.

அவர் மகன் போன ஆடியில் இறந்துவிட்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யோகராஜ் என்று பெயர். முப்பத்தோரு வயது. காமாலை பதினோரு நாள்தான் கொடுத்தது. இதை அவர் எமல்டாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் டீ குடிக்கும்போது ஒருதரம் சொன்னதோடு சரி.

அவள் கற்றுக்கொடுத்த விதமே தனி. உட்கார வைத்துப் பாடம் நடத்த மாட்டாள். தப்புச் செய்தால் கையைப் பிடித்து நிறுத்துவாள். தொப்பியின் உச்சியைக் கிள்ளித் தூக்கினால் அங்கேயே விரிசல் விடும், விளிம்பை இரண்டு கையால் பிடிக்க வேண்டும். கீழே வைத்தால் மல்லாத்தித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு தொங்கிப்போகும். முக்கியமானது ஒன்று. எந்தத் தொப்பி வந்தாலும், கோணலை நிமிர்த்தக் கெட்டில் ஆவி காட்டுவதற்கு முன் மல்லாத்தி உள்ளே பார்த்துவிட வேண்டும்.

"உள்ள என்ன மாஸ்டர் இருக்கு?"

"போட்டவங்க தலை இருக்கு. நீளமா, உருண்டையா, எந்தப் பக்கம் சாய்ச்சுப் போடுவாங்க, எல்லாம் இருக்கு. பார்த்து அளவு எடுத்துட்டு அப்புறம் ஆவி காட்டுங்க."

"பார்க்காமக் காட்டினா?"

அவள் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய தொப்பி ஒன்றை எடுத்து, கொதிக்கிற கெட்டிலின் மூக்கில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் மடிப்பு, பள்ளம், வளைவு எல்லாம் தளர்ந்து, பிசைந்து வைத்த மாவு மாதிரி ஆகிவிட்டது. அதை அவர் மடியில் போட்டாள்.

"இது யார் தலைன்னு இப்பச் சொல்லுங்க."

மாசிலாமணி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒருநாளும் அவர் அந்தத் தப்பைச் செய்ததில்லை. முப்பது நாற்பது தொப்பிகளுக்கு மேல் அவர் கையில் போயிருக்கும். ஒவ்வொன்றையும் மல்லாத்தி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, டாக்டர் தொண்டைக்குள் பார்க்கிற மாதிரி பார்ப்பார். நான் கேலி செய்வேன். "என்னங்க, டான்சில் வீங்கியிருக்கா?" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

ஆனியில் ஒரு சுற்றுலாக்காரர் நனைந்த தொப்பியோடு ஓடிவந்தார். புதுத்தொப்பி மழையில் பாழாகிவிட்டது, அடுப்பில் காட்டிக் காயவைத்துத் தரச் சொன்னார்.

"மழை ஒண்ணும் பண்ணாதுங்க. அடுப்புதான் கெடுக்கும்" என்றாள் எமல்டா. "ஈரத்தோட தலையிலேயே போட்டுக்கங்க. தலையிலேயே காயட்டும்."

அவர் முனகிக்கொண்டே போனார். மாசிலாமணி கேட்டார், "தலையிலேயே காஞ்சா என்ன மாஸ்டர் ஆகும்?"

"அந்தத் தலை வடிவத்துக்கு வந்துடும்."

"ஆவி இல்லாமலேயா?"

"ரெண்டு மூணு மழை வேணும். அதுவரைக்கும் நெத்தியைப் பிடிக்கும், வலிக்கும். அவசரக்காரங்களுக்குத்தான் ஆவி."

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வியாபாரம் இல்லை. எமல்டாவின் கடையில் போய் அடுப்போரமாக உட்கார்ந்துகொள்வேன். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் தூறல்தான். மாசிலாமணி வந்து, குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பழுப்பு நிறம். உச்சி உள்ளே அமுங்கிக் கிடந்தது. விளிம்பு ஒரு பக்கம் அலை அலையாக வளைந்திருந்தது. பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று பார்த்தாலே தெரியும்.

"யாருதுங்க?" என்றாள் எமல்டா. அவள் அந்தப் பக்கம் திரும்பி நாடா தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதுதான் மாஸ்டர். எம் பையன் வாங்கிக் கொடுத்தது. ஏழு வருசமாச்சு."

பிறகு அவரே சொன்னார். ஒன்பது மாதமாக வாயில் வராதது அன்றைக்கு வந்தது.

"எங்கப்பா எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவரு. தொரை வண்டி வந்தா, தலைத்துண்டை இறக்கி அக்குள்ல இடுக்கிட்டு ஓரமா நிப்பாரு. பக்கத்துல நானும் நிப்பேன். தொரை தலையில இந்த மாதிரிதான் ஒண்ணு இருக்கும். எனக்கு வழுக்கை விழுந்து, பனி காதுல இறங்குதுன்னு இவன் போய் இதை வாங்கியாந்துட்டான். எனக்கு என்ன தோணுச்சோ. 'இதைப் போட்டுக்கிட்டு யாரை மிரட்டச் சொல்றே, வேசம் கட்டற வயசா எனக்கு'ன்னு கேட்டுட்டேன். பக்கத்து வீட்டு ஆளுங்க இருந்தாங்க. அவங்க முன்னாடியே கேட்டுட்டேன்."

"பையன் என்ன சொன்னான்?" என்றாள் எமல்டா.

"ஒண்ணும் சொல்லல. பீரோ மேல வெச்சுட்டான். அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. அவன் சாவுக்கு வந்தவங்க பெட்டி படுக்கையை அது மேலேயே வெச்சுட்டாங்க போல. எல்லாம் முடிஞ்சு எடுத்துப் பார்த்தா இப்படி."

எமல்டாவின் ஊசி நின்றது.

"இதுக்காகத்தான் மாஸ்டர் தொழில் கத்துக்க வந்தேன். வேற யார் கையிலயும் கொடுக்க மனசு வரல. அவன் கொண்டாந்து நீட்டின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே பண்ணிடணும். பண்ணிட்டு ஒருதரமாவது போட்டுக்கணும்."

அவரே கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். கொதி வந்தது. தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆவியை நோக்கிக் கொண்டுபோனார்.

"ஐயா, மல்லாத்திப் பார்த்தீங்களா?"

"இதுல பார்க்க என்ன மாஸ்டர் இருக்கு? யாரும் போடாத தொப்பி."

எமல்டா எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள். அவர் கையிலிருந்து தொப்பியை வாங்கி மல்லாத்தினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளை அத்தனை நாளில் அப்படிப் பார்த்ததில்லை. முகம் வெளிறிப்போய்விட்டது.

"இது நான் பண்ணின தொப்பி" என்றாள்.

மாசிலாமணிக்குப் புரியவில்லை.

"உள்ள பாருங்க."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். உள்ளே ஓடுகிற தோல் பட்டை வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. இடது பக்கம் கூடுதலாகக் கறுத்திருந்தது. பட்டையின் ஓரத்தில் ஒரு தலைமுடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"போட்டிருக்காங்க" என்றார் மெதுவாக. "யாரோ ரொம்ப நாள் போட்டிருக்காங்க."

"எப்படிப்பட்ட தலை?"

அவர் விரலை உள்ளே விட்டுத் தடவினார். கற்றவர் அல்லவா, தடவத் தெரிந்திருந்தது.

"உருண்டை. இடது பக்கம் சாய்ச்சுப் போடற ஆளு." விரல் நின்றுவிட்டது. "எனக்கு நீளத் தலை மாஸ்டர். அவனுக்குத்தான் உருண்டை."

எமல்டா ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவள் சொன்னாள்.

"ஏழு வருசம் முன்னாடி ஒரு தம்பி வெள்ளை நூல் ஒண்ணு கொண்டாந்தான். ரெண்டு முனையிலயும் முடிச்சு. எங்கப்பா தலை இவ்வளவுன்னான். அவரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுத் தூங்கும்போது எடுத்தேன், பாதியில அசைஞ்சுட்டாரு, எதுக்கும் அரை விரக்கடை கூட வெச்சுக்கங்கன்னான். அந்த அளவுக்குத்தான் இதைப் பண்ணினேன்."

மாசிலாமணி தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"அடுத்த வருசம் திரும்ப வந்தான். அவரு போடல, பீரோ மேல கிடக்கு, கெட்டுப்போகுமான்னு கேட்டான். ஆமா, சும்மா கிடந்தா பூச்சி விழும், யாராவது போட்டுக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும்னு சொன்னேன். நான் போடவா, எனக்குப் பெருசாச்சேன்னான்."

அவள் தோல் பட்டையை வெளிப்பக்கம் மடித்தாள். அதற்குப் பின்னால் நாலாக மடித்த செய்தித்தாள் பட்டையாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இதை நான்தான் வெச்சுவிட்டேன். அவனுக்கு இறுக்கமா நிக்கறதுக்கு. எப்ப வேணாலும் உருவிடலாம், உருவினா உங்கப்பாவுக்குச் சரியா இருக்கும்னு சொன்னேன். அதுக்கப்புறம் வருசா வருசம் வருவான். பிரஷ் போட்டுக் காகிதம் மாத்திக்கிட்டுப் போவான். போன வருசம் வரல. கல்யாணம் ஆகி வேற ஊரு போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் குரல் அங்கே உடைந்தது. கடைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன், கால் எழவில்லை.

"நான் ஷிஃப்டுக்குப் போனப்புறம் போட்டிருப்பான்" என்றார் மாசிலாமணி. "வர்றதுக்குள்ள எடுத்து மேல வெச்சிருப்பான். ஏன் மாஸ்டர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். ஒருதரம் கேட்டுப் பாரேன் தம்பின்னேன். கேட்டா மறுபடியும் திட்டிட்டு அப்புறம் அவரே வருத்தப்படுவாரு, வேண்டாம், ஒருநாள் பனி தாங்காம அவரே கேப்பாரு, அன்னிக்கு இது நல்லபடியா இருக்கணும், அவ்வளவுதான்னான்."

"நான் கேக்கலியே" என்றார் அவர். "ஆறு வருசத்துல நான் ஒருதரம்கூடக் கேக்கலியே."

அப்போதுதான் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லை. கண்ணீர் உள்ளே விழாதபடி தொப்பியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே தூறல் மழையாக வலுத்தது. எமல்டா நாடாத் தையலை முடித்து நூலை அறுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"இப்ப நான் ஆவி காட்டியிருந்தா?"

"போயிருக்கும்."

"அவன் தலை?"

"ஆமா."

"காட்டாம விட்டா?"

"இருக்கும். ஆனா உங்களுக்குச் சேராது. நெத்தியில பிடிக்கும்."

"அப்ப இப்படியே கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சு உள்ள வெச்சுடறேன். அவன் படத்துக்குக் கீழ."

"ரெண்டு வருசத்துல பூச்சி அரிச்சுடும் ஐயா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் என்றுதான் சொல்ல வேண்டும். "வெச்சாலும் போயிடும், காட்டினாலும் போயிடும்னா நான் என்னதான் பண்றது?"

எமல்டா தொப்பியை வாங்கினாள். உள்ளே முஷ்டியை விட்டு, அமுங்கிக் கிடந்த உச்சியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினாள். தோல் பட்டை பக்கம் அவள் கை போகவே இல்லை. கோணலாகத்தான் நிமிர்ந்தது. அதைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பட்டையை மடித்து, செய்தித்தாளை மெல்ல உருவினார். மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலையில் இறக்கினார். பாதியிலேயே நின்றது. பக்கவாட்டில் தொளதொளவென்றும் நெற்றியில் இறுக்கமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். முகம் சுளித்தது.

"வலிக்குது மாஸ்டர்."

"வலிக்கும். ரெண்டு மூணு மழை வரைக்கும்."

அவர் பிறகு வீட்டுக்குப் போகிறேன் என்கிற மாதிரி தலையசைத்துவிட்டு, மூலையில் இருந்த குடையை எடுக்கக் குனிந்தார். எமல்டா அவருக்கு முன்னால் போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"குடை இங்கேயே இருக்கட்டும் ஐயா."