காதோடு சொன்ன எடை

ஒரே வாயால் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒருத்தியின் வழக்கு இது. கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கடலோரக் காலனியில் அமலோற்பவம் மகளிர் குழுத் தலைவி. காலனிப் பிள்ளைகள் சவலையாய்க் கிடப்பதைப் பார்த்து நாலு இடத்தில் போய்ப் பேசினாள். மாதா கோயில் மண்டபம் கொடுத்தது. கல்லூரி ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து, கம்பும் முருங்கைக்கீரையும் நெத்திலிக் கருவாடும் வைத்தே பிள்ளையைத் தேற்றும் சமையலைச் சொல்லிக்கொடுத்தார். கடலையும் பயறும் இலவசமாய்த் தர பருப்பு மண்டி முதலாளி தங்கையா முன்வந்தார்.

அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். "வருசக் கடைசியில விழா வைக்கணும். எந்தப் பிள்ளை நல்லாத் தேறுச்சோ, அந்தத் தாயை மேடையேத்தி எடையைச் சொல்லணும். நாலு பேரு பாத்தாத்தான் மத்தவங்களும் கொடுப்பாங்க. அப்படின்னாத்தான் அடுத்த வருசமும் தருவேன்." அமலோற்பவம் தலையாட்டிவிட்டு வந்தாள்.

காலனியிலோ எடைக்கருவியைக் கண்டதும் பெண்கள் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தார்கள். எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அங்கே அத்தனை பேருக்கும் பயம். முதல் பிள்ளையைப் பறிகொடுத்திருந்த பேச்சித்தாய் கதவையே திறக்கவில்லை. "எடை உன் காதைத் தவிர வேற காதுக்குப் போவாது. மாதா மேல ஆணை" என்று அமலோற்பவம் வீடுவீடாகச் சொன்ன பிறகுதான் மண்டபம் நிறைந்தது. இரண்டு வாக்கும் ஒருநாள் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்று அவள் யோசிக்கவில்லை. காரியம் நடந்தால் சரி என்கிற ஆள் அவள்.

விழா நாள் வந்தது. எல்லாரையும்விடத் தேறியிருந்தது பேச்சித்தாயின் மகள்தான். தலை நிற்காமல் வந்த பிள்ளை இப்போது மண்டபமெங்கும் தவழ்ந்துகொண்டிருந்தது. பெயரைச் சொன்னால் இனி ஒரு தாயும் அமலோற்பவத்தை நம்பி வரமாட்டாள். சொல்லாவிட்டால் கடலை நின்றுபோகும், இன்னும் தேறாத பிள்ளைகளின் கதி என்ன?

பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் உச்சிமாகாளியிடம், பேச்சித்தாய்க்குப் பதிலாக அவள் மேடையேற முடியுமா என்று அமலோற்பவம் கிசுகிசுத்தாள். உச்சிமாகாளியின் மகன் பிறந்ததிலிருந்தே கொழுகொழுவென்று இருப்பவன்.

"எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போறேன்க்கா. அவ ஏற்கெனவே ஒண்ணைப் பறிகொடுத்தவ" என்றாள் உச்சிமாகாளி. தன் கண்மையைத் தொட்டு, மகன் கன்னத்துப் பொட்டைப் பெரிதாக்கிக்கொண்டு மேடையேறினாள்.

அமலோற்பவம் மைக்கில் அவள் பெயரை அறிவித்தாள். கூட்டம் கைதட்டியது. தங்கையா பரிசு குக்கரை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பேச்சித்தாய் எழுந்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போனாள்.

"மொதலாளி, தேறுனது எம் பிள்ளை. இந்த அக்கா எனக்காவப் பொய் சொல்லுதாவ" என்றாள். மகளின் எடையையும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தங்கையா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒருத்தி வாக்கைக் காக்கப் பொய் சொன்னாள். ஒருத்தி அடுத்தவள் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை ஊர்க்கண் முன்னால் நிறுத்தினாள். ஒருத்தி தனக்காகக் காக்கப்பட்ட ரகசியத்தைத் தானே உடைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பேச்சித்தாய் செய்ததே சரி. அமலோற்பவம் தன் வாக்கைக் காப்பாற்ற அடுத்தவள் பிள்ளையைப் பணயம் வைத்தாள். அது அவளுக்கே உறைத்து, வெட்கத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். உச்சிமாகாளிக்குப் பெரிய மனசுதான், ஆனாலும் நம்பிக் கொடுத்தவரை ஏமாற்றுவதற்கு அவள் துணைபோனாள். எடை பேச்சித்தாயின் காதுக்குச் சொல்லப்பட்டது. அதை வெளியே விடும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அவள் வாய் திறந்ததும் இரண்டு வாக்கும் பிழைத்தன. தங்கையாவும் குறை சொல்லாமல் அடுத்த வருடக் கடலையை அனுப்பிவைத்தார். பேச்சித்தாய்க்குப் பயம் மட்டும் போகவில்லை. அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள், முதலில் உச்சிமாகாளியின் மகனுக்கு, பிறகு தன் மகளுக்கு.