தியானத்தில் இருக்கிறார்

குற்றாலத்துச் சாரல் வந்து தொடுகிற தூரத்தில் ஒரு சின்ன வீட்டில் அம்பலவாணர் வசித்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகியிருக்கும். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வாயை விட்டு வரும். அந்தச் சொற்களைக் கேட்கவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

அவருடைய சீடர் சங்கரபாண்டியன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவைவிட மூத்தவர். மனைவி இறந்தபின் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் இங்கே வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. குருவைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவர்தான்.

சாரல் காலம் குருவுக்கு ஆகாது. குளிர்காற்று பட்டால் இடுப்பில் தொடங்கும் வலி தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும். எழும்போதே களைத்திருப்பார். குளித்தால் பேசத் தெம்பிருக்காது. பேச வேண்டுமென்றால் குளியலை விட வேண்டும். சோற்றைப் பாதியில் போதும் என்பார். பசி தீர்ந்து அல்ல, மெல்ல முடியாமல்.

அப்படிப்பட்ட நாட்களில் வருகிறவர்களிடம் சங்கரபாண்டியன், "ஐயா தியானத்துல இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். குருவுக்கு வலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். உடம்பை வென்றவர் என்று ஊரில் பேச்சாயிற்று.

ஒருநாள் காலை பேச்சியம்மாள் என்ற பெண் ஆட்டோவில் தன் மகளை அழைத்து வந்தாள். மகள் இசக்கிச்செல்விக்கு இருபது வயதிருக்கும். அவளுக்கும் அதே முடக்குவாதம். அம்மா இடுப்பில் கைகொடுத்துத் தாங்கிப் படியேற்றினாள். மேலே வந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

சங்கரபாண்டியன் வழக்கமான பதிலைச் சொன்னார்.

பேச்சியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? அவுகளுக்கும் ஒன்ன மாதிரி ஒடம்புதான். தியானத்துல இருக்காக. நீ விடிஞ்சா அடைஞ்சா வலிக்குது வலிக்குதுங்கிறே."

குரலில் கோபமில்லை. பிறந்ததிலிருந்து தூக்கிச் சுமந்த அலுப்புதான் இருந்தது.

"இனிமே சொல்லலம்மா" என்றாள் மகள்.

உள்ளே கட்டிலில் கிடந்த அம்பலவாணருக்கு இது கேட்டது. சீடரைக் கூப்பிட்டு, அவர்களை உள்ளே விடச் சொன்னார். சீடர் தயங்கினார். குருவின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்கிறேனே என்றார். குரு மறுத்துவிட்டார். வேட்டியை மட்டும் சரிசெய்ய விட்டார்.

இருவரும் உள்ளே வந்தார்கள். பேச்சியம்மாள் கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது.

"எனக்கு வலிக்குதும்மா" என்றார் அம்பலவாணர் அந்தப் பெண்ணிடம். "ஒனக்கு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "இடுப்புல" என்றாள்.

"எனக்கும் அங்கதான். தூக்கம்?"

"ஏது தூக்கம்."

அதற்குப் பிறகு அவரும் அவளும் மட்டுமே பேசினார்கள். ஒரு வாக்கியத்துக்கு மற்றவர் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தார்கள். சட்டைக்குள் கை நுழைக்கும்போது தோள் படுகிற பாட்டை அவள் சொன்னாள். யாராவது திடீரென்று கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போட்டு, அடங்கிய வலி மறுபடி கிளம்புவதை அவர் சொன்னார். படிக்க உட்கார்ந்தால் வலி வந்து பக்கத்தை மறைத்துக்கொள்கிறது என்றாள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அதற்குள் என்ன அசதி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதை அவள் சொன்னபோது, அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

பேச்சியம்மாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்து, மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கயா?"

"கொஞ்சம் மேல."

அவர்கள் போன பிறகு குரு குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. சங்கரபாண்டியன் கட்டிலருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் இத்தனை நாள் பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

"நீங்க சொன்னது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டுச்சு" என்றார் அம்பலவாணர். "கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

சீடருக்கு அந்தப் பதில் தாங்கவில்லை. குருவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"வலிய ஜெயிக்கலேன்னா, இத்தன வருசத்துல நீங்க அடைஞ்சது என்னங்கய்யா?"

குரு கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று சீடர் எழப் போனார்.

"வலிக்குதுன்னு சொல்ல வாய் வந்துச்சு" என்றார் அம்பலவாணர். "அதுவும் இன்னைக்குத்தான்."