வாளேந்தி வர்மனின் வெறுங்கைக் குத்து

வாங்க, உக்காருங்க. சண்டைக் கதைன்னதும் முன்வரிசைக்கு எப்பிடி அடிச்சுப் பிடிச்சு ஓடியாறீங்க! ரத்தம் பாக்கணும், என்ன? ஒரு பல்லாவது தெறிக்கணும்? தெறிக்காது. சோப்பு நுரைதான் தெறிக்கும். வேண்டாம்னு நினைக்கவுக இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்.

பாத்தியளா, ஒருத்தரும் எந்திரிக்கல.

தென்காசியில மூணு பேரு. ஞாயித்துக்கிழமையானா ஒரு மேசையச் சுத்தி உக்காந்து சாகச விளையாட்டு விளையாடுவாவ. ஆளுக்கொரு வீரன். அவன் பலம், காயம் எல்லாம் ஒரே ஒரு தாள்ல. பால்வண்ணம்ங்கிறவரு விதிப் புஸ்தகத்த மடியில வச்சுக்கிட்டு, "எதுத்தாப்ல பூதம் வருது"ம்பாரு. வீரனுக்கு உரியவரு பகடைய உருட்டணும். சரியான எண்ணு விழுந்தா பூதம் காலி. விழலன்னா வீரன் காலி, தாளக் கிழிச்சிரணும்.

குத்தாலிங்கத்தோட வீரன் பேரு வாளேந்தி வர்மன். மூணு வருசமா வளத்த ஆளு. பெத்த மகன் எத்தனாவது படிக்கான்னு கேட்டா குத்தாலிங்கம் முழிப்பாரு. வர்மனுக்குப் பட்ட காயத்த மட்டும் தேதியோட சொல்லுவாரு. அன்னைக்கு வர்மனோட வாளு ஆத்தோட போயிட்டு. முன்னால பூதம் நிக்கி.

"வெறுங்கையால குத்துதேன்"னாரு குத்தாலிங்கம்.

பால்வண்ணம் புரட்டி வாசிச்சாரு. "வெறுங்கையால் தாக்குபவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஐந்தோ ஆறோ விழுந்தால் அடி." கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "உம்ம கையில மோதிரம் இருக்குவே."

"இது கல்யாண மோதிரம்லா?"

"அது பூதத்துக்குத் தெரியுமா?"

நியாயம்தான. கழட்டிப் பாத்தாவ, வரல. சோப்பப் போட்டாவ. மூணாவது ஆளு சொரிமுத்து மோதிரத்தப் புடிச்சு இழுத்த இழுப்புல குத்தாலிங்கம் மேசையோட சேந்து வந்தாரு. அடுத்து வாட்சு. சாமிக் கயிறு. நகத்தையும் வெட்டியாச்சு. "கையில ரேகை இருக்கே"ன்னாரு சொரிமுத்து. அதுக்கு ஒரு அரை மணி நேரம். ரேகை கையில இல்ல, தோல்லதான் இருக்குன்னு தீர்ப்பாச்சு.

குத்தாலிங்கம் சாமியக் கும்பிட்டுட்டுப் பகடைய எடுத்தாரு.

"நில்லும்!" பால்வண்ணம் தடுத்தாரு. "கையில என்னது?"

"பகடை."

"பொறவு அது வெறுங்கை எப்பிடிவே ஆகும்?"

மூணு பேரும் ஆடிப் போயிட்டாவ.

"கால்ல உருட்டட்டும்," சொரிமுத்து.

"அது உதை. உதைக்கு வேற விதி."

"வாயால துப்பட்டும்?"

பால்வண்ணம் பொருளடக்கத்துல இருந்து கடைசி அட்டை வரைக்கும் தேடுனாரு. "வாயப் பத்தி ஒண்ணும் சொல்லல."

குத்தாலிங்கம் பகடைய மேசையில வச்சிட்டு, குனிஞ்சு உதட்டாலயே கவ்வினாரு. பலமாத் துப்பணும்லா? அதுக்காவ மூச்ச ஆழமா இழுத்தாரு. மூச்சோட பகடையும் உள்ள போயிட்டு.

"முழுங்கிட்டீரா?"

"உருட்டிட்டேன்"னாரு குத்தாலிங்கம். "என்ன விழுந்திருக்குன்னு பாருங்க."

எங்கன பாக்க? புஸ்தகத்தையும் வர்மன் தாளையும் தூக்கிக்கிட்டு, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனாவ. படத்துல தெளிவா ரெண்டு புள்ளி. பால்வண்ணம் வர்மன் தாள எடுத்து, கிழிக்கதுக்கு ரெண்டு கையாலயும் புடிச்சிட்டாரு.

"பொறும்வே!" குத்தாலிங்கத்துக்கு அழுகை முட்டிட்டு. "ரெண்டுக்கு அடியில அஞ்சு. நான் மல்லாக்கப் படுத்ததாலதான ரெண்டு? குப்புறப் படுத்தா அஞ்சு மேல வந்துரும்லா?"

"வர்மன் குப்புறக் கெடந்தா பூதத்த எப்பிடிவே குத்துவான்?"

"பூதம் அவனுக்கு அடியில கெடந்தா?"

"அடியில கெடக்க பூதத்த எதுக்குக் குத்தணும்?" இது சொரிமுத்து. "நசுங்கியே செத்திருக்கும்லா?"

"நசுக்குறதுக்குத் தனி விதி"ன்னு பால்வண்ணம் புஸ்தகத்த விரிக்க, குத்தாலிங்கத்துக்கு அந்நேரம் பாத்து ஒரு பெரிய ஏப்பம்.

"உருண்டுட்டு!" சொரிமுத்து துள்ளிக் குதிச்சாரு. "பகடை மறுபடி உருண்டுட்டு! இன்னொரு படம் எடுங்க!"

காலையில இருந்து முறிஞ்ச கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எக்ஸ்ரே வரிசையில கெடந்த லாரி டிரைவர் ஒருத்தரு, பகடை வயித்துக்குள்ள போன கதை முழுசையும் இவுக வாயாலயே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு இதுக்கு மேல தாங்கல. எந்திரிச்சுட்டாரு.

"ஏ அண்ணாச்சிமாரே! பகடைய உருட்டி விட்டாச்சுன்னா அது தரையிலல்லா கெடக்கும்? அப்போ கை வெறுங்கைதானய்யா?"