சொல்லுக்குப் பல்லி கொடுத்த வால்

அந்தக் காலத்தில் வாய் இருந்ததெல்லாம் பேசியது. கொக்கு பேசியது, குரங்கு பேசியது, சேற்றில் கிடந்த நத்தைகூட மனசு வந்தால் பேசியது. ஆனால் பேசியதெல்லாம் மொட்டைச் சொல், ஒன்றுக்கும் வால் கிடையாது. "முருங்கை குரங்கு ஏறு" என்பார்கள். முருங்கையா போய்க் குரங்கின் மேல் ஏறும்? கேட்பவர்கள் தாங்களே சரியாகப் புரிந்துகொள்வார்கள். இன்னொரு அதிசயமும் இருந்தது. வாயை விட்டு வந்த சொல் உடனே மறையாது. மழைக்குப் பிறகு ஈசல் பறக்குமே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் காற்றில் மிதந்துவிட்டுத்தான் போகும்.

நான் உங்களுக்காக எல்லாவற்றையும் வாலோடுதான் சொல்லிக்கொண்டு போகிறேன். அவர்கள் பேசியபடியே சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றிவிடும்.

அப்போது ஓர் ஏரிக்கரை வேலமரத்தில் ஒரு பல்லி இருந்தாள். விரல் நீளம்தான் இருப்பாள், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஏரியில் இருந்த முதலை அவளுக்குப் பெரியம்மா முறை. சிரிக்காதீர்கள், இரண்டு பேர் உடம்பையும் பாருங்கள், உறவு தெரியும். முதலைக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேரே கிடையாது. மீனைக் காணோம் என்றாலும் முதலைதான், தண்ணீர் கலங்கினாலும் முதலைதான். பல்லி ஒருத்திதான் மரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியம்மா, சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பாள்.

அந்தக் கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. மடுவுக்குப் போகிற வழியில் முதலை சேற்றில் மாட்டிக்கொண்டாள். வெயில் ஏற ஏறச் சேறு இறுகியது. அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். கடைசியில் வந்தாள் ஓர் எருமை.

"அட கடவுளே! நீயும் ஓர் உயிர்தானே," என்று பின்னங்காலை நீட்டினாள். "இதைப் பிடித்துக்கொள். பார்த்துப் பிடி தாயே, சதையோடு கழற்றிவிடாதே."

முதலை முடிந்தவரை மெல்லத்தான் பிடித்தாள். எருமை இழுத்தாள் பாருங்கள், அப்படி ஓர் இழுப்பு! நுரை தள்ள, முழங்கால் மண்ணில் இடிக்க, மடுவின் ஓரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மரத்திலிருந்து பார்த்த பல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "மகராசி! நீ நல்லா இருக்கணும்!" என்று கத்தினாள்.

எருமையின் காலில் பல் பட்டு ரத்தம் வழிந்தது. அதைத்தான் குரங்கு பார்த்தான். அவன் வாய் சும்மா இருக்குமா? ஊரையே கூட்டிவிட்டான். பஞ்சாயத்துக்கு யானையார் வந்து நின்றார்.

"என்னம்மா நடந்தது? பயப்படாமல் சொல்லு," என்றார்.

எருமை சொன்னாள்: "நான் முதலை இழு."

இழு என்ற சொல்லுக்கு இரண்டு பேர் வேண்டும். இழுக்க ஓர் ஆள், இழுபட ஓர் ஆள். தூங்கு என்றால் ஓர் ஆள் போதும், அதில் வழக்கு வராது. கொடு என்றால் கொடுக்கிறவர், வாங்குகிறவர், கைமாறுகிற பொருள் என்று மூன்று கேட்கும். இழுவுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், சரி. யார் எந்த வேலைக்கு வந்தார்கள் என்று அந்த மொட்டைச் சொற்கள் சொல்லவில்லையே! கூட்டம் ரத்தத்தைப் பார்த்தது, முதலையின் பல்லைப் பார்த்தது, முடிவு கட்டிவிட்டது.

"ஐயையோ, முதலை இழுத்திருக்கிறாள்!"

"இல்லை, இல்லை!" என்று எருமை தலையை ஆட்டினாள். "முதலை நான் இழு!"

"பார்த்தீர்களா, மறுபடியும் அதையேதான் சொல்கிறாள்," என்றான் குரங்கு.

முதலைக்கு மனசு பதறியது. எருமை செய்த உதவியை எல்லாரும் அறியட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "எருமை நான் இழு!"

"அடிப்பாவி! தானே ஒத்துக்கொண்டாள். கும்பிடு வேறு போடுகிறாள்!"

யானையார் பெருமூச்சு விட்டார். "உச்சி வெயிலுக்குள் இவள் ஏரியை விட்டுப் போய்விட வேண்டும்," என்றார். அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம். அந்த வெயிலில் தரையில் ஊர்ந்து போனால் பாதி வழியில் காய்ந்து செத்துப்போவாள். அது யானையாருக்கும் தெரியும், முதலைக்கும் தெரியும்.

பல்லி தொண்டை கிழியக் கத்தினாள்: "எருமை முதலை இழு!" கத்தின பிறகுதான் அவளுக்கே உறைத்தது, தன் சாட்சியும் பெரியம்மாவைத்தான் கொல்கிறது என்று. எத்தனை பேர் எத்தனை முறை உண்மையைச் சொன்னாலும், பேர் கெட்டவள் தலையில்தான் அது விழும். சொல்லில் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும்.

எருமை அழுதுகொண்டே மறுபடியும் சொன்னாள். நான், முதலை, இழு, மூன்றும் காற்றில் மிதந்தன. பல்லி யோசித்தாள். செய்தவர் தானாக நிமிர்ந்து நிற்பார். பட்டவருக்குத்தான் ஒரு துணை வேண்டும்.

அந்தக் காலத்தில் வால் போனால் பல்லிக்கு உயிர் போகும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். இருந்தும் ஈசலைப் பிடிக்கப் பாய்கிற மாதிரி கிளையிலிருந்து பாய்ந்தாள். 'நான்' மூக்கை உரசிக்கொண்டு போனது. தவறி அதில் ஒட்டினால் பெரியம்மா தீர்ந்தாள். உடம்பை வளைத்து, தன் வாலைத் தானே கடித்து அறுத்து, 'முதலை' என்ற சொல்லின் பின்னால் ஒட்டினாள். வலியில் "ஐ..." என்று கத்தினாள். "யோ" வருவதற்குள் தரையில் விழுந்துவிட்டாள். அந்த "ஐ" வாலோடு சேர்ந்து சொல்லில் ஒட்டிக்கொண்டது.

நான் முதலையை இழு. வால் துடித்துக்கொண்டே இருந்தது.

"இது என்ன கூத்து?" என்றார் யானையார்.

"யாருக்கு வால் துடிக்கிறதோ..." பல்லிக்கு மூச்சு வாங்கியது. "அவர்மேல்தான் காரியம் நடந்தது, ஐயா. வால் இல்லாதவர்தான் செய்தவர்."

யானையார் தும்பிக்கையால் சொற்களைத் தள்ளி இடம் மாற்றினார். முதலையை நான் இழு. வால் முதலையிடமேதான் இருந்தது. எப்படிப் புரட்டினாலும் இழுத்தவள் எருமைதான், இழுபட்டவள் முதலைதான்.

"அதைத்தானேடா அப்போதிருந்து கத்துகிறேன், மரமண்டைகளா!" என்றாள் எருமை.

யானையார் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார். குரங்கு மட்டும் விடவில்லை. "அப்படியானால் நீங்கள் தின்கிற கரும்புக்கும் வால் வேண்டுமா?" என்றான்.

"எதற்கு? கரும்பா என்னைத் தின்னும்?" என்று யானையார் சிரித்தார். "சந்தேகம் வராத இடத்தில் வால் வேண்டாம். உயிருள்ளவர் விஷயத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது."

முதலை ஊர்ந்து வந்து பல்லியின் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். "எனக்காகவா உன் வாலை அறுத்தாய், கண்ணே?"

"உனக்காக இல்லை பெரியம்மா, உன் பேருக்காக," என்றாள் பல்லி.

அவள் சாகவில்லை. வால் மறுபடி முளைத்தது! அதையும் அறுத்துக் 'கு' என்று வாங்குகிறவருக்கு ஒட்டினாள். அடுத்ததை 'ஆல்' என்று கருவிக்கு ஒட்டினாள். அப்பேர்ப்பட்ட கொடுக்கிற கை அவளுக்கு.

குளிர் நாட்டிலிருந்து வந்து, ஊர் திரும்பாமல் தங்கியிருந்த வாத்துகள் இதையெல்லாம் பார்த்தன. "எங்கள் ஊரில் வால் கொடுக்கப் பல்லி இல்லை. நாங்கள் பறக்கிற மாதிரியே சொல்லையும் வரிசையில் விடுகிறோம். முன்னால் செய்தவர், நடுவில் காரியம், பின்னால் பட்டவர்," என்று சொல்லிவிட்டுப் பறந்தன. அதனால்தான் அந்தக் குளிர் நாட்டு இங்கிலீஷில் முன்னால் நிற்கிறவரைப் பின்னால் நிறுத்தினால் பழியும் கூடவே இடம் மாறிவிடுகிறது. அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நம் சொற்கள் எந்த இடத்தில் நின்றாலும் நியாயம் சொல்லும்.

அந்த நாள் தொட்டுத்தான் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுகிறது, விட்ட வாலும் துடிக்கிறது. நாமும் கரும்பு தின்கிறோம், சோறு சாப்பிடுகிறோம், வால் இல்லாமலே. ஆனால் ஓர் உயிரைப் பற்றிப் பேசும்போது மட்டும், அது எவ்வளவு பேர் கெட்ட உயிராக இருந்தாலும், அதற்குரிய வாலைக் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறோம்.