ஓரமாக வைத்த டேக்

மெர்லினிடம் எடிட்டிங் கற்றுக்கொள்ள வந்தபோது ஷாகுலுக்கு நாற்பத்தெட்டு வயது. மெர்லினுக்கு முப்பத்தொன்று. மேலூரில் ஊர்ப்பட்ட கல்யாண வீடியோ வெட்டிய மனுஷன் "மேடம்" என்று கைகட்டி நின்றால் சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமமே சிரிக்காதா? சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் மேடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கேமராவில் எடுத்த அசல் பதிவு மலையாட்டம் இருக்கும். ஏற்றினால் கம்ப்யூட்டர் திணறும். அதனால் ப்ராக்ஸி என்று சின்னதாய், தெளிவு கம்மியாய் ஒரு நகல் எடுத்து, அதை வைத்தே படத்தை வெட்டி முடிப்பார்கள். கடைசியில் நகலைக் கழற்றிவிட்டு அசலை மாட்டுவார்கள்.

அப்போது வெட்டிக்கொண்டிருந்த படத்தின் கடைசிக் காட்சியை மெர்லின் அவரிடமே விட்டுவிட்டாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் சட்டையைத் தாய் கையில் வாங்குகிற காட்சி. நன்றாக வந்தால் டைட்டிலில் ஷாகுல் பேர். சொதப்பினால் மறுபடி மேலூர், மறுபடி பந்திப் படம்.

தாயாக நின்ற அம்மாளுக்கு நடிப்பே புதுசு. இரண்டு டேக். ஒன்றில் கதறித் தீர்த்துவிட்டார். இன்னொன்றில், பொழுது சாய்ந்த வெளிச்சத்தில், சும்மா நின்றார்.

"இது வேஸ்ட் மேடம். முகத்துல ஒண்ணுமே இல்ல. தூக்கிரவா?"

மெர்லின் நகலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். முகம் மொழுக்கென்று இருந்தது.

"தூக்காதீங்கண்ணே. ஓரமா இருக்கட்டும்."

"எதுக்கு மேடம்?"

"இருக்கட்டுமே."

டைரக்டர் படம் பார்க்க வருகிற நாள் வந்தது. அவர் வருவதற்குள் ஷாகுல் அசலை மாட்டினார். மாட்டாமல் விட்டுப்போன ஷாட் சிவப்பாக நிற்கும். ஒன்றுகூட நிற்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு பெரிய திரையில் ஓடவிட்டார்.

கதறுகிற டேக் வந்தது. ஐயையோ! சட்டையின் பொத்தான் பளிச்சென்று தெரிகிறது, அம்மாளின் கண்கள் இரண்டும் மங்கல். ஃபோகஸ் முகத்தில் இல்லவே இல்லை. சின்ன நகலில் அது தெரியாமல் போயிருந்தது.

"போச்சு மேடம். எல்லாம் போச்சு."

"ஓரமா வெச்சீங்களே, அதை மாட்டுங்க."

மாட்டினார். அதே முகம்தான். ஆனால் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. துடிக்கிற கீழுதட்டை அந்த அம்மாள் பல்லால் கடித்து அடக்கிக்கொண்டிருந்தார். அழாமல் இருக்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

ஷாகுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெர்லின் பக்கம் திரும்பினார். அம்மாடி, என்ன கண்ணு இவளுக்கு என்று இருந்தது.

"நகல்லயே இதெல்லாம் பாத்துட்டீங்களா மேடம்?"

"இல்லண்ணே."

"சும்மா சொல்லாதீங்க. தெரியாமயா வைக்கச் சொன்னீங்க?"

"நிஜமாத்தான். அந்தம்மா முகம் எனக்கு அதுல தெரியவே இல்ல," என்றாள் மெர்லின். "தெரியலன்னுதான் வைக்கச் சொன்னேன்."