மேட்டுக்கோயிலுக்கு வந்த வாத்துக்கூட்டம்

ஒரு ஊர்ல ஒரு செம்மணல் மேடு இருந்துச்சு. மேட்டு மேல ஒரு வேதக்கோயில், அதான் இயேசு சாமி கோயில். மேட்டுக்குக் கீழ தெரு, தெருவுக்கு அங்கிட்டு வயலு, வயலுக்கும் அங்கிட்டு ஒரு பெரிய்ய்ய குளம். அந்த ஊர்ல எப்சிபான்னு ஒரு அக்கா இருந்தா. கேக்குதா? நீ ‘ம்’ சொன்னாத்தான் கதை நடக்கும். இல்லேன்னா அங்கனயே உக்காந்துக்கிடும்.

ம்.

ஆங். எப்சிபா அந்த ஊர்ல பிறந்தவ இல்ல. கோத்தகிரிப் பக்கம், மலைமேல பிறந்தவ. இந்த ஊர் மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டு வந்தா. அவரு கப்பல்ல வேலைக்குப் போயிட்டாரு. மாமனார் மாமியாரும் கிடையாது. தனி வீடு, தனி அடுப்பு. ஊர்க்காரங்க கெட்டவங்கன்னு சொல்ல முடியாது. கண்டா சிரிப்பாங்க. ஆனா சிரிச்சிட்டு அப்படியே நடையக் கட்டிருவாங்க. ஒரு கை உப்பு குடும்மான்னு கேட்டுக்கூட அவ வாசப்படிய யாரும் மிதிச்சது இல்ல. அது அவளுக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கும்.

அப்படி இருக்கப்போ அசனம் வந்துச்சு. அசனம்னா கோயில் விருந்து. ஊர்ல எல்லார் வீட்டு அரிசியும் ஒரே அண்டாவுல வேகும், எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. அதுக்கு முந்தின நாளு, கோயில் மூப்பரு வேதமாணிக்கம் எப்சிபாவைக் கூப்பிட்டாரு. பெரிய மீசை, பெரிய குடை, அதவிடப் பெரிய குரலு. ஊரே அவர பாட்டையான்னுதான் கூப்பிடும்.

"எம்மா எப்சிபா! பந்தலப் பெருக்கி, புது மணல் விரிச்சு வையி. இந்தா, கேட்டுச் சாவி. நாளைக்கு அசனம். ஒரு கோழிகூட உள்ள வரக்கூடாது, ஆமா!"

எப்சிபாவுக்குத் தலைகால் புரியல! ஊர்ல முதல்முதலா ஒருத்தர் அவளை நம்பி ஒரு வேலை குடுத்திருக்காரு. சாவிய இடுப்புல செருகுனா, விளக்குமாத்த எடுத்தா, சரக் சரக் சரக்குன்னு பெருக்குனா. மணல அள்ளி அள்ளி விரிச்சா. பந்தல் அப்படியே பளபளன்னு ஆயிட்டு.

அப்போ வானம் இருட்டுச்சு. பொட்டு... பொட்டு... பொட்டுன்னு மழை.

ம்.

மேட்டு மேல நின்னு பார்த்தா ஊரே தெரியும்ல? தூரத்துல, குளத்தங்கரைக்கிட்ட, சாம்பல் நிறத்துல ஏதோ ஒண்ணு நீளமா நெளியுது. பாம்பா? பாம்பு இல்ல. ஆறா? ஆறும் இல்ல. காத்துல சத்தம் வருது. பக் பக் பக் பக் பக்! வாத்து! ஒண்ணா ரெண்டா? எண்ண முடியாத வாத்து! முன்னால ஒரு ஆளு மூங்கில் கம்போட. நடுவுல ஒரு பொம்பள, தலையில பெரிய வலைக்கட்டு. பின்னால ஒரு சின்னப் பொண்ணு, கையில ஒரு வாத்துக்குஞ்சு.

அவங்க ஊர் ஊரா வாத்து மேய்க்கிறவங்க. அவரு பேரு பேச்சிக்கண்ணு. அந்தம்மா இசக்கியம்மா. பொண்ணு பேரு வெயிலாச்சி. மழை வருது, வாத்தோட தங்க மேடான இடம் வேணும்.

முதல்ல குளத்தங்கரையில நின்னாங்க. கரைக்காவக்காரர் ஓடி வந்தாரு. "எடுங்க எடுங்க! குளம் பெருகுது. கரைய வாத்து மிதிச்சா என்னத்துக்கு ஆகும்? கிளம்புங்க!" வாத்துக்கூட்டம் திரும்புச்சு. பக் பக் பக்.

மழை இப்போ சடசட சடசடன்னு வருது.

அப்புறம் பனந்தோப்புக்குப் போனாங்க. தோப்புக்காரரு ஒரு மட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "நாத்தம் தாங்காதுய்யா! வேற இடம் பாருங்க!" மறுபடியும் வாத்துக்கூட்டம் திரும்புச்சு. பக் பக் பக்.

மழை இப்போ சோ...ன்னு கொட்டுது. மேட்டு மேல எப்சிபா முந்தானையப் பிழிஞ்சுக்கிட்டே பார்க்கா. ‘பள்ளிக்கூடத்துக்குப் போங்க, பள்ளிக்கூடத்துக்குப் போங்க!’ன்னு மனசுக்குள்ள கத்துதா. அவங்களும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாங்க. வராண்டாவுல ஏறக்கூட இல்ல, உள்ள இருந்து ஒரு குரல்: "பிள்ளைக உக்காருத இடம்! போங்க!"

எப்சிபா மேட்ட விட்டுக் கேட்டுப் பக்கமா இறங்குனா. ‘ஆண்டவரே, இன்னும் எங்கதான் போவாங்க?’

எங்க போனாங்க தெரியுமா?

ம்?

நேரா கோயில் கேட்டுக்கு வந்துட்டாங்க! மேட்டடியச் சுத்தி ஆள் உயரத்துக்கும் மேல மதிலு, தெருவப் பார்த்து கேட்டு. கேட்டு மேல கூர் கூரா ஈட்டிக்கம்பி. பேச்சிக்கண்ணு கம்பி வழியாப் பார்த்துக் கும்பிட்டாரு.

"தாயி, நாங்க உங்க சாமியக் கும்பிடுதவுக இல்ல. ஆனா பிள்ளை நடுங்குது. மழை விடுத வரைக்கும் ஒரு ஓரமா நின்னுக்கிடுதோம்."

வெயிலாச்சிக்கோ பல்லு மட்டும் கடகடகடன்னு அடிக்குது. தான் நனைஞ்சாலும் குஞ்சு நனையக்கூடாதுன்னு அதைப் பாவாடைக்குள்ள பொத்தி வச்சிருக்கா.

எப்சிபா கை சாவியில இருக்கு. திறந்தா பாட்டையா என்ன சொல்லுவாரு? ஊரு என்ன சொல்லும்? இப்பத்தான் ஒரு வேலை குடுத்தாங்க, அதையும் கெடுத்துட்டான்னு சொல்லுவாங்களே! இனிமே யாரு நம்புவா?

அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இந்தக் கோயில் யாரோடது? பாட்டையாவோடதா? ஊர்க்காரங்களோடதா? இயேசு சாமியோடதுதான? அவரு இங்கன நின்னிருந்தா என்ன செய்வாரு? கேட்டுக்கு வெளிய ஒரு பிள்ளை பல்லு கிட்டிப்போய் நிக்கும், அவரு பந்தல் மணலப் பாத்துக்கிட்டா இருப்பாரு?

டக்! பூட்டத் திறந்துட்டா.

"வாங்கக்கா, வாங்கண்ணா, ஓடி வாங்க! கோழிதான் வரக்கூடாதுன்னு சொன்னாங்க. வாத்தைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல!"

சிரிக்கியா? சிரி சிரி. அவங்களும் சிரிச்சாங்க. அம்புட்டு வாத்தும் தத்தக்கா பித்தக்கான்னு மேடேறுச்சு! பக் பக் பக் பக்! பளபளன்னு இருந்த புது மணல் போச்சு. பந்தல் பூரா வாத்து. எப்சிபா பிள்ளையத் துவட்டி, வெந்நி வச்சுக் குடுத்தா. இசக்கியம்மா அவ கையப் பிடிச்சுக்கிட்டு, "நீ எந்த ஊரு தாயி? உன் பேச்சு வேற மாதிரி நல்லாருக்கே"ன்னு கேட்டா. அந்த ஊருக்கு வந்த நாளா ஒருத்தரும் அவகிட்ட அதைக் கேட்டதில்ல. எப்சிபா வாயத் திறந்தா பாரு, மலையப் பத்தி, மூடுபனியப் பத்தி, அம்மாவப் பத்தி கடகடன்னு பேசுதா பேசுதா, நிறுத்தவே இல்ல!

அப்போ, ‘எப்சிபா...!’ன்னு ஒரு இடி. வானத்துல இல்ல, கேட்டுல. பாட்டையா! குடையோட நிக்காரு. மீசை துடிக்குது.

"என்னம்மா இது? என்ன இது! அசனப் பந்தல்ல வாத்தா? குடு சாவிய!"

எப்சிபா சாவியக் குடுத்துட்டா. "பாட்டையா, வெளிய போகச் சொல்ல எனக்கு நாக்கு வரல. நீங்க வேணா சொல்லுங்க."

பாட்டையா வெயிலாச்சியப் பார்த்தாரு. அவ அவரையே முழிச்சு முழிச்சுப் பார்த்தா. அவருக்கும் நாக்கு வரல! அதுல இன்னும் கோவம் வந்துட்டு. "ஆளுகளக் கூட்டியாறேன், இரு!"ன்னு வெளிய போயி, இனிமே ஒரு ஈ எறும்பு உள்ள போகக்கூடாதுன்னு கேட்டை இழுத்துச் சாத்தி, டக்குன்னு பூட்டி, சாவிய மடியில செருகிக்கிட்டு விறுவிறுன்னு தெருவுல நடந்தாரு.

பாதித் தெரு கூடப் போயிருக்க மாட்டாரு. டமார்...!

குளம் உடைஞ்சிட்டு!

தூங்கல்ல?

ம்ஹும்!

நல்ல பிள்ள. தண்ணி குபுகுபுகுபுன்னு வருது! வயலத் தாண்டி, தெருவுக்குள்ள வருது. சட்டி மிதக்குது, கட்டில் மிதக்குது! "மேட்டுக்கு ஓடுங்க! மேட்டுக்கு ஓடுங்க!"ன்னு ஒரே கூச்சல். பிள்ளைகளத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரே கோயிலுக்கு ஓடி வருது. வந்து பார்த்தா? கேட்டு பூட்டிக் கிடக்கு! சாவி பாட்டையா மடியில. பாட்டையாவோ, நடக்க முடியாத தன் தங்கச்சி அன்னபாக்கியத்தத் தூக்கியார கீழ்த்தெருவுக்கு ஓடிட்டாரு!

கல்ல எடுத்துப் பூட்ட உடைக்காங்க. டங்! டங்! டங்! உடையல. மேல ஏறலாம்னா ஈட்டிக்கம்பி. தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. இடுப்புக்கு வந்துட்டு!

"எப்சிபா! எப்சிபா! என்னமாது செய்யி!"

எப்சிபா அங்கிட்டு ஓடுதா, இங்கிட்டு ஓடுதா. ஏணி இல்ல, கயிறு இல்ல. அப்போ இசக்கியம்மா தலைச்சுமைய ஓடிப்போய் எடுத்தா. வலை! ராத்திரி வாத்தச் சுத்திக் கட்டுற வலை! "இந்தாரும், பிடியும்!"ன்னு புருஷங்கிட்ட வீசுனா. பேச்சிக்கண்ணு அதை மதிலோரம் நின்ன வேப்பமரத்துல ஒரு கட்டு, பந்தக்கால்ல ஒரு கட்டு கட்டி, மதிலுக்கு வெளிய சர்ருன்னு தொங்கவிட்டாரு.

"ஏறுங்க! கால வலையில மாட்டி ஏறுங்க! அண்ணாச்சி, பிள்ளைய முதல்ல குடுங்க!"

ஒவ்வொருத்தரா ஏறுனாங்க. கரைக்காவக்காரர் ஏறுனாரு. தோப்புக்காரர் ஏறுனாரு. மேல வந்தவங்கள, மதில்மேல ஏறி உக்காந்து எப்சிபா ஒரு கை, இசக்கியம்மா ஒரு கை பிடிச்சு இழுத்து உள்ள விட்டாங்க. மதிலுக்கு உள்பக்கம் கீழ வெயிலாச்சி நின்னுக்கிட்டு, "வாங்க வாங்க, பந்தலுக்குப் போங்க, வாத்த மிதிச்சிராதீங்க!"ன்னு அதிகாரம் பண்ணுதா!

கடைசியா யாரு வந்தா? நெஞ்சளவு தண்ணியில, தங்கச்சிய முதுகுல சுமந்துக்கிட்டு, தள்ளாடித் தள்ளாடிப் பாட்டையா! கேட்டுக்கிட்ட வந்து மடியத் தடவுனாரு. சாவி இல்ல. வெள்ளத்துல போயிட்டு! வேட்டிய உதறுதாரு, தண்ணிக்குள்ள துழாவுதாரு. ம்ஹும்.

பேச்சிக்கண்ணு யோசிக்கவே இல்ல. மேல இருந்து தொபுக்கடீர்னு குதிச்சிட்டாரு! அன்னபாக்கியத்தத் தோள்ல வாங்கிக்கிட்டு வலையில ஏறுனாரு. பின்னால பாட்டையா மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறுதாரு. பாதியில கால் வழுக்கிட்டு! எப்சிபா மதில்மேல குப்புறப் படுத்து, எட்டி அவரு கையப் பிடிச்சா.

"விட்டுராதம்மா!"

"விட மாட்டேன் பாட்டையா!"

ஹேய்சான்னு இழுத்துப் போட்டுட்டா!

ஊர்ல ஒரு உசிரு போகல. எல்லாரும் மேட்டுக்கு மேல. ஈரத்தோட, நடுக்கத்தோட, வாத்துக்கு நடுவுல. மழை விட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டையா எப்சிபாகிட்ட வந்தாரு. குரல் சின்னதாப் போயிருந்துச்சு.

"நல்லவேளைம்மா, அவங்கள உள்ள விட்ட. வலை இல்லேன்னா ஊரே போயிருக்கும்."

எப்சிபா சொன்னா, "அவங்ககிட்ட வலை இல்லேன்னாலும் விட்டிருப்பேன் பாட்டையா. அந்தப் பிள்ளைக்குக் குளிருச்சு, அதான்."

பாட்டையா நேரா போயி பேச்சிக்கண்ணுக்கு முன்னால நின்னாரு. "தம்பி, பிள்ளை நடுங்குறதப் பார்த்துட்டும் நான் பூட்டிட்டுப் போனேன். மன்னிச்சிரும்"னாரு. பேச்சிக்கண்ணு பதறிப்போய், "ஐயா, முதல்ல தலையத் துவட்டுங்க, சளி பிடிச்சுக்கிடும்"னாரு.

ம்...

மறுநாள் விடிஞ்சுது. விடிஞ்சதும் பிள்ளைகள்லாம் ஒரே கத்து! பந்தல் மணல் பூரா வெள்ள வெள்ளயா என்ன கிடக்கு? முட்டை! அம்புட்டு வாத்தும் முட்டை விட்டிருக்கு! அசனத்துக்கு ஆடு வாங்க வெளியூர் போனவங்க வெள்ளத்தால ரோட்டுல மாட்டிக்கிட்டாங்க, கறி இல்ல, அசனம் எப்படி நடக்கும்னு ஊரே யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. இசக்கியம்மா சேலை மடியில முட்டையப் பொறுக்கிக்கிட்டு வந்தா. "நாங்களும் ஒரு வீடு மாதிரிதான? எங்க வீட்டுப் பங்கு இது"ன்னு அண்டாக்கிட்ட வச்சா. கோயிலுக்குள்ள வச்சிருந்த அரிசி நனையாம இருந்துச்சு. விறகும் நனையல. கொதக் கொதக்னு உலை கொதிக்குது, முட்டைக்குழம்பு வாசம் கும்முன்னு வருது!

ஆனா வாழையிலை பாதி வெள்ளத்தோட போயிட்டு. சரி, ஒரு இலைக்கு ரெண்டு பேர்னாங்க. யார் யாரோட உக்காருறது? தோப்புக்காரரு நகந்து குடுத்து, "வாரும்யா, இங்கன உக்காரும்"னு பேச்சிக்கண்ணுவத் தன் இலைக்குக் கூப்பிட்டாரு. அன்னபாக்கியத்தம்மா வெயிலாச்சியப் பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டாங்க. வரிசை மேட்டச் சுத்தி நீளமாப் போகுது. போதகரால வர முடியல, ரோட்டுல தண்ணி. அதனால பாட்டையாதான் ஜெபம். எல்லாரும் கண்ண மூடுனாங்க.

"ஆண்டவரே, இந்தச் சோத்துக்கும், இந்த முட்டைக்கும், எங்க வீட்டுக்கு வந்த இந்த ஜனங்களுக்கும் ஸ்தோத்திரம்..."

ஜெபத்த முடிக்கப் போறாரு. திடீர்னு நிறுத்திட்டாரு. ஒரு கண்ண மட்டும் திறந்து வரிசையப் பார்த்தாரு.

"எப்சிபா எங்க?"

எப்சிபா கையில சோத்து வாளியோட, ஓரமா, பந்தக்காலுக்குப் பின்னால நிக்கா. "நான் பரிமாறிட்டு அப்புறமா..."

"அப்புறம் கிப்புறம் ஒண்ணும் கிடையாது. நீ உக்காராம நான் ஆமென் சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான்! அந்தக் கோடியில இருந்து ஒருத்தி, "இங்கன வா, இலை பெரிசு!" இந்தக் கோடியில இருந்து ஒருத்தி, "இல்ல, எங்கூட!" இசக்கியம்மா, "ஏ தாயி, இங்க வா!" வரிசை முழுக்கக் கை நீளுது. எப்சிபாவுக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு வருது, எங்க உக்காரன்னே தெரியல. பாட்டையா தன் இலைய அவ பக்கமாத் திருப்பி வச்சுட்டு, "இங்கதான் உக்காருவா, போங்க"ன்னாரு. வாளிய வாங்கிக் கீழ வச்சாரு. அவ உக்காந்தா.

"ஆமென்!"னாரு.

ஊரே "ஆமென்!"னுச்சு. பின்னால இருந்து அம்புட்டு வாத்தும் ஒரே குரல்ல, பக்!

சிரிச்சது போதும், கண்ண மூடு. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, இலைய எடுத்தாச்சு. கதையும் அவங்களோட கை கழுவப் போயிட்டு. தூங்கு, என் தங்கம்.